கிழங்கின் அடியைப் பார்த்தால் பூவின் ஆயுள் தெரியும்

வெங்காயம் வாங்குவதற்கு யாரும் யாருக்கும் பாடம் சொல்லித் தருவதில்லை. செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில், தராசுத் தட்டில் விழுவதற்கு முன்பே ஒவ்வொரு வெங்காயத்தையும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்க்கிறோம். கழுத்து மெத்தென்று அமுங்கினால் ஒதுக்கிவிடுகிறோம். அடிப்பக்கம் கறுத்திருந்தால் அதையும் ஒதுக்கிவிடுகிறோம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் கொடுக்கும்போது அழுகலுக்கும் சேர்த்துக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் அதே கை, பூச்செடிக் கிழங்கு வாங்கும்போது மட்டும் சும்மா இருந்துவிடுகிறது. நர்சரிக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஊரிலிருந்து உறவுக்காரர் ஆசையாகக் கொடுத்தனுப்பியது என்றால் கேட்கவே வேண்டாம். அதைப் புரட்டிப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இந்த மரியாதைதான் இரண்டாம் வருஷம் தொட்டியைக் காலி செய்கிறது.

பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி, லாலாகூடா என்று தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் பல வீட்டு மொட்டை மாடிகளில் நாலைந்து தொட்டிகளாவது இருக்கும். ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு சம்பங்கி, கோடை மழைக்குப் பூக்கும் லில்லி ஒன்று. அந்தச் சம்பங்கிக்கு ஒரு கதையும் இருக்கும். அம்மா வீட்டுக் கொல்லையில் இருந்து வந்ததாக இருக்கலாம். அல்லது கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாமி கொடுத்ததாக இருக்கலாம். முதல் வருஷம் மாடியே மணக்கப் பூக்கும். இரண்டாம் வருஷம் இலை மஞ்சளாகும். "தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் ஒரு குடம் கூடுதலாக ஊற்றுவார்கள். ஒரு நாள் காலையில் இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் கிழங்கு இருந்த இடத்தில் நாற்றமடிக்கும் கூழ்தான் இருக்கும்.

அந்தச் செடி தாகத்தால் வாடவில்லை. வேர் அழுகியதால் தொட்டியில் இருந்த தண்ணீரைக்கூட அதனால் குடிக்க முடியவில்லை. ஊற்றிய ஒவ்வொரு குடமும் அதன் சாவை ஒரு நாள் முன்னுக்கு இழுத்தது. கிழங்குச் செடி வளர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அது தாகமல்ல, நோய்.

நர்கிஸும் அதன் உறவினர்களும்

உருதுக் கவிதை கேட்டுப் பழகிய ஹைதராபாத்வாசிகளுக்கு 'நர்கிஸ்' என்ற பெயர் புதிதல்ல. அழகிய கண்ணுக்கு உவமை சொல்ல அந்தப் பூவைத்தான் கவிஞர்கள் அழைப்பார்கள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படித்த டாஃபடில் பூவும் அதே இனந்தான். ஆனால் செடியாக அது இங்கே நிலைப்பதில்லை. நர்கிஸ் கிழங்குக்குள் மொட்டு நன்றாக எழும்ப வேண்டுமானால் பல வாரங்கள் நல்ல குளிர் தேவை. காஷ்மீரில் பனி உருகும் பருவத்தில் 'யெம்பர்ஸல்' என்ற பெயரில் அது பூக்கிறது. தக்காணத்தின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. குளிர்நாட்டிலிருந்து வந்த கிழங்கு ஒரு தடவை பூத்துவிட்டு மறுவருஷம் வெறும் இலை மட்டும் விட்டால் அதை நோய் என்று எண்ணி மருந்து தெளிக்க வேண்டாம். அது ஊர் ஒத்துக்கொள்ளாத குறை.

நர்கிஸ் வராவிட்டாலும் அதன் குடும்பத்தார் இங்கே ஏராளமாக வாழ்கிறார்கள். கோடையில் எக்காளம் போல் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் ஹிப்பியாஸ்ட்ரம், அதாவது கடைகளில் 'அமரில்லிஸ்' என்று விற்பது; மழை பெய்த சில நாளில் தலைகாட்டும் மழை லில்லி; மே மாதத்தில் சிவப்புப் பந்து போல் பூக்கும் ஃபுட்பால் லில்லி; பூங்காக்களில் வெள்ளைச் சிலந்தி போல் விரியும் சிலந்தி லில்லி; நம் ஊரில் விஷமூங்கில் என்று சொல்லும் கிரைனம். இவை எல்லாம் ஒரே குடும்பம். வெங்காயமும் பூண்டும்கூடத் தாவர நூல்களின் இன்றைய கணக்குப்படி இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். மோண்டா மார்க்கெட்டில் கட்டைவிரல் கற்ற வித்தை பூங்கிழங்குக்கும் பொருந்துவதன் காரணம் இதுதான்.

சம்பங்கியையும் முன்பு இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார்கள். இப்போது அதை ரயில் பாதை ஓரங்களில் வேலி போல் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவாக வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தப் பூவை நாம் நிலசம்பங்கி என்கிறோம், வட இந்தியர் ரஜனிகந்தா என்கிறார்கள், உருதுவில் குல்ஷப்போ, ஹைதராபாத் பூக்கடையிலோ வெறும் 'லில்லி'. பெயர் எதுவானாலும் மண்ணுக்குள் இருக்கும் பாகம் ஒன்றுதான். அதற்கு வரும் தொல்லைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அடியழுகல்

உலகெங்கும் டாஃபடில் பயிரிடுவோரை அதிகம் அழவைத்த நோய் இது. ஃபியூசேரியம் என்ற பூசணம் மண்ணில் வெகுகாலம் உயிரோடு கிடக்கும். கிழங்கின் அடியில் வேர்கள் முளைக்கும் தட்டு போன்ற பாகம்தான் அதன் வாசல். அங்கே நுழைந்து மேல்நோக்கி ஏறும். வெளியே தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் இளகிப் போயிருக்கும். சில சமயம் செதில்களுக்கு இடையே வெளிர்சிவப்பான பூசணம் தெரியும். மண் சூடாக இருக்கும்போது இது வேகமாகப் பரவும். வெங்காயத்தின் அடி அழுகுவதற்கும் இதே பூசணத்தின் இன்னொரு வகைதான் காரணம்.

கண்டுபிடிக்க வழி எளிது. கிழங்கைத் தலைகீழாகப் பிடித்து வேர்த்தட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கல் போல் கெட்டியாக இருந்தால் நல்லது. அமுங்கினால் ஒதுக்க வேண்டியதுதான். கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். முற்றிய அடியழுகலுக்கு மருந்து இல்லை. அந்தக் கிழங்கைக் குப்பையோடு அப்புறப்படுத்துவதே வைத்தியம். எருக்குழியில் போட்டால் நோயை எருவோடு சேர்த்து எல்லாத் தொட்டிகளுக்கும் பரிமாறியதாகும்.

தண்டழுகல்

சம்பங்கி வயல்களின் பெரிய எதிரி இது. ஸ்கிளீரோஷியம் என்ற பூசணத்தால் வருவது. மண்மட்டத்தில் இலைகளின் அடியைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்தாற்போல் தெரியும். சில நாளில் அந்த நூலின் நடுவே கடுகு கடுகாக உருண்டைகள் தோன்றும். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. அந்தக் கடுகுதான் அடுத்த வருஷத்துக்கான விதை. பல ஆண்டுகள் மண்ணில் காத்திருந்து, சூடும் ஈரமும் சேர்ந்து வரும்போது முளைக்கும். நிலக்கடலை, தக்காளி என்று நூற்றுக்கணக்கான செடிகளை இது தின்னும்.

இதைக் கண்டதும் செடியை மட்டும் பிடுங்கினால் போதாது. சுற்றியுள்ள ஒரு கை மண்ணையும் கடுகு சிந்தாமல் சேர்த்து அள்ளிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் ஓட்டையைச் சரி பார்த்து, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். மீதிச் செடிகளுக்கு வேப்பம்புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா கலந்த மட்கிய எருவும் இடலாம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணந்தான். ஆனால் கெட்ட பூசணத்தைத் தின்று வாழும் நல்ல பூசணம். பத்து கிலோ மட்கிய எருவுக்கு நூறு கிராம் பொடி கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் பிறகு இடுவது வழக்கம். அதே நாளில் ரசாயனப் பூசண மருந்தையும் ஊற்றினால் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றதாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத புழு

செடி குட்டையாக நிற்கிறது. பூத்தண்டு மெலிந்து வருகிறது. எவ்வளவு உரம் போட்டாலும் தேறவில்லை. இப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியலாம். அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் இந்தப் புழுவுக்கு விருந்து. ஆகவே போன வருஷம் கத்தரி இருந்த தொட்டி மண்ணில் இந்த வருஷம் சம்பங்கி வைப்பது புத்திசாலித்தனமல்ல. செண்டுமல்லியின் வேரில் இந்தப் புழுவுக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டு. பதுக்கம்மா பண்டிகைக்கு இங்கே கூடை கூடையாக விற்கும் 'பந்தி பூலு' அதுதான். ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு எடுத்த மண்ணில் கிழங்கு வைத்தால் பூஜைக்குப் பூவும் ஆயிற்று, மண்ணுக்கு வைத்தியமும் ஆயிற்று.

மேற்கு வங்காளத்தில் ராணாகாட் பகுதிச் சம்பங்கி விவசாயிகளை வேறொரு நூற்புழு வாட்டியது. பூத்தண்டில் துருப்பிடித்தாற்போல் பழுப்புக் கோடுகள் விழும், தண்டு சொரசொரக்கும், மொட்டு விரியாமலே கருகும். ஆராய்ந்து பார்த்தபோது, நெற்பயிரின் இலை நுனியை வெளுக்கச் செய்யும் அதே புழுதான் சம்பங்கியிலும் குடியேறியிருப்பது தெரிந்தது. காய்ந்த கிழங்குக்குள் அசையாமல் படுத்திருந்து, கிழங்கோடு பயணம் செய்து, புது மண்ணில் ஈரம் பட்டதும் எழுந்து கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கும் கிழங்கு என்பதால் மட்டும் அது நோயற்றது என்று சொல்லிவிட முடியாது. அது எந்த வயலிலிருந்து வந்தது, அங்கே செடிகள் எப்படிப் பூத்தன என்பதையும் விசாரிக்க வேண்டும்.

வெந்நீரில் பிழைத்த பூ

இதே போன்றதொரு புழுவால் இங்கிலாந்தின் டாஃபடில் தொழிலே ஒரு காலத்தில் ஆட்டம் கண்டது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் கிழங்குகள் அழுகின. குறுக்கே வெட்டினால் வெங்காய வளையம் போல் பழுப்பு வளையங்கள் தெரிந்தன. பூசணமே காரணம் என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டியின் விஸ்லி தோட்டத்தில் ஆராய்ச்சி செய்த ஜேம்ஸ் கிர்க்ஹாம் ராம்ஸ்பாட்டம் என்ற இளைஞர், குற்றவாளி ஒரு நூற்புழுதான் என்று நிரூபித்தார். அதோடு நிற்காமல் வழியும் சொன்னார். கிழங்குகளைச் சுமார் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில், அதாவது 43 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல், மூன்று நான்கு மணி நேரம் வைத்திருந்தால் புழு சாகும், கிழங்கு பிழைக்கும். 1917ல் வெளியான இந்த முடிவு அந்தத் தொழிலைக் காப்பாற்றியது. இன்றும் டாஃபடில் விளைவிப்போர் பெரிய தொட்டிகளில் 44 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் மூன்று மணி நேரம் கிழங்கை வைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் பரீட்சை செய்ய வேண்டாம். இரண்டு டிகிரி கூடினால் கிழங்கு வெந்துவிடும். இரண்டு டிகிரி குறைந்தால் புழு குளித்துவிட்டுப் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு கிழங்கிலுள்ள ஃபியூசேரியம் வெந்நீர் வழியே எல்லாக் கிழங்குக்கும் பரவும். அதனால்தான் அங்கே தொட்டி நீரில் பூசண மருந்தும் கலக்கிறார்கள். டிகிரி காட்டும் கருவியும், சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான் அந்த வைத்தியம். நமக்கு வேறு சூடு இருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

செம்புள்ளியும் தேமலும்

ஹிப்பியாஸ்ட்ரம் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம், இலையிலும் பூத்தண்டிலும் விழும் சிவப்புத் தழும்பைப் பற்றியது. ஸ்டாகனோஸ்போரா என்ற பூசணத்தால் வரும் செம்புள்ளி நோய் இது. டாஃபடில் இலை நுனியைக் கருக்குவதும் இதே பூசணந்தான். தழும்பு விழுந்த பக்கம் தண்டு வளரத் தடைப்படுவதால் பூத்தண்டு ஒரு பக்கமாக வளைந்து விடும். ஈரந்தான் இதற்கு வாகனம். மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் மண்ணுக்கு மட்டும் ஊற்றினாலே பாதி குறையும். நோய்ப்பட்ட இலையை வெட்டி எறிய வேண்டும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். அதிகமானால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் வீதம் தெளிக்கலாம். காயம் பட்டாலும், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் கடித்தாலும் இந்தச் செடியில் சிவப்பு ஓடும். ஆகவே ஒரு புள்ளியைப் பார்த்ததும் பதற வேண்டாம். பரவுகிறதா என்று ஒரு வாரம் கவனித்தால் போதும்.

தேமல் நோய் அப்படியல்ல. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, அல்லது நீளக் கோடுகளாகத் தெரியும். புது இலையும் அப்படியே வரும். இது வைரஸ். எந்த மருந்துக்கும் கட்டுப்படாது. செடி உடனே சாவதில்லை என்பதால் "பாவம், இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அசுவினிப் பூச்சி அதன் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த தொட்டியில் போய் உட்காரும். பத்துத் தொட்டியும் தேமலாகும். ஒன்றைத் தியாகம் செய்தால் ஒன்பது பிழைக்கும். செடி வெட்டும் கத்தி, கத்தரிக்கோலையும் ஒவ்வொரு செடிக்கும் நடுவே சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் தோய்த்துத் துடைப்பது அவசியம்.

வரிப் புழு

மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் லில்லி இலையெல்லாம் மொட்டையாகிவிட்டதா? கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி போட்ட கம்பளிப் பூச்சி போன்ற புழு கும்பலாக இருக்கும். பாலிடெலா குளோரியோசே என்பது அதன் பெயர். நம் மாநில மலரான செங்காந்தளின் பெயரால் வந்தது அது. காந்தளையும் அது விடுவதில்லை. இலை தீர்ந்தபின் சில புழுக்கள் கழுத்தைக் குடைந்து கிழங்குக்குள்ளும் இறங்கும். அந்தக் காயத்தின் வழியே அழுகல் நுழையும். இதற்குக் கடைக்கு ஓட வேண்டாம். காலையும் மாலையும் இலையின் அடியைப் புரட்டிப் பார்த்து, முட்டைக் கூட்டத்தைத் துடைத்து, புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். ஆபீசுக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிஷ வேலை.

ஊர்க் காலண்டர் உதவாது

சென்னையிலும் தஞ்சையிலும் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஹைதராபாத்தில் மழையின் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஊரில் குடை பிடித்துக்கொண்டு தீபாவளி கொண்டாடும்போது இங்கே வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். கிழங்கு அழுகும் காலமும் அதற்கேற்ப மாறும். ஊர்ப் பழக்கத்தில் ஆடி மாதம் முழுவதும் செடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவர், இங்கே மழைத் தண்ணீரோடு குடத்துத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறார். அழுகல் ஆவணியில் வந்து நிற்கிறது.

மண்ணும் வேறு. இங்கே 'சல்கா' என்று சொல்லும் மணற்பாங்கான செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் வடிய விடும், கிழங்குக்கு நல்லது. 'ரேகடி' என்னும் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டிக்கு ரேகடி மண் கிடைத்தால் ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மட்கிய எருவும் கலந்தே பயன்படுத்த வேண்டும். வேகாத சாணத்தைப் போடவே கூடாது.

வெயிலே மருந்து

வெந்நீர்த் தொட்டி நமக்கு இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதத்து ஹைதராபாத் மொட்டை மாடி இருக்கிறது. காலியான தொட்டிகளின் மண்ணைப் பாலிதீன் விரிப்பின் மேல் அரை அடிக்கு மிகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே கண்ணாடி போன்ற மெல்லிய பாலிதீன் தாளை இறுக்கமாக மூடி, ஓரங்களில் கல் வைத்துவிட வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். உள்ளே சூடு 50 டிகிரியை எட்டும்போது நூற்புழுவும், அழுகல் பூசணங்களில் பெரும்பாலானவையும், களை விதையும் மடியும். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 1970களில் முறையாக நிரூபித்துக் காட்டிய உபாயம் இது. கறுப்புத் தாள் வேண்டாம். வெயில் உள்ளே புக வேண்டும். செலவு ஒரு பாலிதீன் தாள் மட்டுமே. ஆறிய பிறகு டிரைக்கோடெர்மா எரு கலந்து ஜூனில் நடலாம்.

கொண்டு வரும் முறை

சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வரும் கிழங்கு பெரும்பாலும் ஈரத் துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டிருக்கும். ஒரு ராத்திரிப் பயணத்தில் அது வெந்து வியர்த்து, அழுகலுக்குத் தொட்டிலாகிவிடும். கிழங்குக்குப் பிரயாணத்தில் தண்ணீர் தேவையில்லை. இலையை வெட்டி, மண்ணை உதிர்த்து, நாலு நாள் நிழலில் உலர்த்தி, காகிதப் பையிலோ துணிப் பையிலோ காற்றோட்டமாகக் கொண்டு வர வேண்டும். வந்ததும் நட அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, லிட்டருக்குப் பத்து கிராம் டிரைக்கோடெர்மா கரைத்த நீரில் அரை மணி வைத்து, மற்றச் செடிகளுக்கு எட்டத்தில் ஒரு தனித்தொட்டியில் நட வேண்டும். ஒரு பருவம் பூத்துக் காட்டிய பிறகு கூட்டத்தில் சேர்த்தால் போதும்.

நர்சரியில் கேட்க இரண்டு தெலுங்குச் சொற்கள் உதவும். கிழங்கு அழுகலை மஞ்சள் விவசாயிகள் 'தும்ப குள்ளு' என்பார்கள். "குள்ளு உந்தா?" என்று கேட்டுக்கொண்டே கிழங்கைத் திருப்பி அழுத்திப் பார்த்தால், வாங்குகிறவர் விஷயம் தெரிந்தவர் என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

வீட்டில் இன்னொரு ஜாக்கிரதை. இந்தக் கிழங்குகளை வெங்காயக் கூடையின் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஹிப்பியாஸ்ட்ரம், டாஃபடில், விஷமூங்கில் கிழங்குகளில் லைக்கோரின் என்ற நச்சு உண்டு. வெங்காயமென்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டால் கடும் வாந்தி வரும். குழந்தைகள் எடுக்காத உயரத்தில், பெயர் எழுதிய பையில் தொங்கவிட வேண்டும். (டாஃபடிலில் உள்ள கேலன்டமின் என்ற பொருளிலிருந்து ஞாபக மறதி நோய்க்கு மருந்து செய்கிறார்கள் என்பது வேறு விஷயம், அது டாக்டர் கையில் இருக்க வேண்டியது.) சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். நாள் முழுவதும் பூவும் கிழங்கும் கையாளும் தொழிலாளர்கள் கையுறை போடுவது நல்லது.

வயலில் இருப்பவனுக்கு

மாடித் தொட்டியில் கிழங்கு போனால் மனக்கஷ்டம். வயலில் போனால் கடன். சம்பங்கியை 45 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 கிழங்கு வேண்டும். ஒரு முறை நட்டால் இரண்டு மூன்று வருஷம் பூ எடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பணம் போடுகிறார்கள். நோயுள்ள கிழங்கு ஒரு மூட்டையில் கலந்திருந்தாலும் அந்த மூன்று வருஷக் கணக்கு முதல் மழையிலேயே பொய்த்துவிடும். குடிமல்காபூர் பூச்சந்தைக்கு விடியற்காலையில் வரும் மூட்டை குறைந்தால் விவசாயிக்கு மட்டுமா நஷ்டம்? மூட்டை தூக்குகிறவர், ஸ்கந்தகிரி முருகன் கோயில் போன்ற கோயில் வாசல்களில் உட்கார்ந்து மாலை கட்டுகிறவர், முழம் போட்டு விற்கிறவர் எல்லோருக்கும் அன்றையக் கூலி குறையும்.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களும், சத்தியமங்கலம், நிலக்கோட்டை, தோவாளைப் பக்கம் பூ விவசாயத்தில் உறவினர் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் ரகம். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'சிருங்கார்' ரகம் வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். ஒற்றைப் பூ ரகமான 'பிரஜ்வல்', அடுக்குப் பூ ரகமான 'சுவாசினி' ஆகியவையும் அங்கே உருவானவையே. சந்தேகம் வந்தால் ராஜேந்திரநகரிலுள்ள மலர் ஆராய்ச்சி நிலையத்தில் நோய்ப்பட்ட செடியை வேரோடும் மண்ணோடும் கொண்டு போய்க் காட்டலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

மருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கிழங்கை மருந்து நீரில் முக்கும் வேலையை வெறுங்கையால் செய்யக் கூடாது. காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடையை மாற்றிய பிறகே சாப்பாடு. காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போய்த் தண்ணீர் மொள்ளப் பயன்படுத்தவே கூடாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பது தெரியாத பாஷையில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே திறக்க வேண்டும். பூவின் நோயைத் தீர்க்கப் போய் மனிதன் நோயாளியாவது நியாயமல்ல.

கொடுக்கும்போதும் பார்த்துக் கொடுங்கள்

கிழங்கு என்பது பெருகும் சொத்து. ஒன்று மூன்றாகும், மூன்று ஒன்பதாகும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கும், மாற்றலாகிப் போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுக்காமல் யாருக்கும் மனம் நிறையாது. நோய் பரவுவதும் அந்த அன்பின் வழியாகத்தான். வாங்கும்போது கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பது போல், கொடுக்கும்போதும் ஓர் அழுத்து. அமுங்கினால் அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் மரியாதை. கெட்டியாக இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். அடுத்த கோடையில் அங்கேயும் ஒரு மாடி மணக்கும்.